ஆன்டிவைரஸை மால்வேரிடமிருந்து காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். ஏழு கம்ப்யூட்டர்களில் ஒன்று மட்டும் ஆன் செய்த நிமிடத்திலிருந்து ஃபேன் சத்தத்தோடு திணறுகிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். ஆன்டிவைரஸ் ஐகானில் பச்சை டிக். அப்டேட்டும் அன்று காலைதான் வந்திருந்தது. முழு ஸ்கேன் போட்டேன். ஆபத்து எதுவும் இல்லை என்று இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. லட்சக்கணக்கான ஃபைல்கள் உள்ள டிரைவை இரண்டு நிமிடத்தில் எப்படிப் பார்த்து முடித்திருக்கும்? செட்டிங்ஸைத் திறந்தால், ஸ்கேன் செய்யக்கூடாத இடங்கள் என்ற விலக்குப் பட்டியலில் மொத்த சி டிரைவும் இருந்தது. கணக்கு மென்பொருளை நிறுவ வந்தவர், அது மெதுவாக ஓடுகிறது என்று அப்படிச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். பிறகு ஏதோ ஒரு இன்வாய்ஸோடு வந்த கிரிப்டோ மைனர் (நம் கம்ப்யூட்டரின் சக்தியைத் திருடி யாருக்கோ கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மால்வேர்) அதில் சுகமாகக் குடியேறிவிட்டது.

வேலியே பயிரை மேய்ந்த கதை இல்லை இது. வேலியை ஒருவர் திறந்து வைத்துவிட்டுப் போனார், அதற்குப் பூட்டு வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அதுவரை அவ்வளவு அழுத்தமாகத் தோன்றியதில்லை. ஆன்டிவைரஸ் போட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேனே தவிர, அந்த ஆன்டிவைரஸை யார் காப்பது என்று சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வழிகாட்டி. விண்டோஸ் 11, அதோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் இரண்டையும் வைத்து விளக்குகிறேன். வேறு ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

ஆன்டிவைரஸ் மேல் ஏன் குறி?

முதல் காரணம் அதிகாரம். ஆன்டிவைரஸின் முக்கியப் பகுதி 'சிஸ்டம்' என்ற கணக்கில் ஓடுகிறது. அட்மின் கணக்கைவிட உயர்ந்த இடம் அது. அதன் டிரைவர்கள் என்னும் துணை நிரல்கள் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதைக் கைப்பற்றியவர் கம்ப்யூட்டரையே கைப்பற்றியவர்தான்.

இரண்டாவது காரணம் அதன் வேலை. எங்கிருந்தோ வரும் ஒரு ஃபைலை நீங்கள் தொடுவதற்கு முன்பே அது பிரித்துப் பார்த்துவிடும். ஜிப், பிடிஎஃப், ஜாவாஸ்கிரிப்ட், யாரும் இன்று பயன்படுத்தாத பழைய சுருக்க வடிவங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அதனுள் தனித்தனி நிரல் இருக்கிறது. அந்த நிரல்களில் ஒன்றில் பிழை இருந்தால், ஃபைலை நீங்கள் திறக்கவே வேண்டாம். வந்து சேர்ந்தாலே போதும்.

2017 மே மாதம் நடந்தது இதுதான். மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த டேவிஸ் ஓர்மண்டியும் நட்டாலி சில்வனோவிச்சும் டிஃபென்டரின் எஞ்சினில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் போலத் தெரியும் எதையும் ஓட்டிப் பார்க்கும் பகுதியில் இருந்த பிழை அது. பொறி வைத்த ஒரு மெயில் இன்பாக்ஸுக்கு வந்தாலே டிஃபென்டர் அதை ஸ்கேன் செய்யும். ஸ்கேன் செய்த அதே நொடியில் அனுப்பியவனின் நிரல் சிஸ்டம் அதிகாரத்தோடு ஓடும். மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே, மே 8 அன்று, திருத்தத்தை வெளியிட்டது. அதற்கு முந்தைய வருடம் இதே ஓர்மண்டி சைமன்டெக், நார்டன் பொருட்களில் இதைவிட மோசமான ஒன்றைக் காட்டியிருந்தார். ஃபைலைப் பிரிக்கும் நிரலை அவர்கள் கெர்னலுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் பின்னே போனால் 2004 மார்ச்சில் பரவிய விட்டி என்ற வோர்ம், அதாவது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவும் மால்வேர். பிளாக்ஐஸ் என்ற ஃபயர்வால் உள்ளிட்ட ஒரே நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருட்களில் இருந்த பிழை வழியாக மட்டுமே அது நுழைந்தது. பிழை வெளியில் தெரிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, ஏறத்தாழ 12,000 கம்ப்யூட்டர்கள் விழுந்தன. ஹார்ட் டிஸ்கில் குப்பையை எழுதி எழுதி அவற்றை அது நாசமாக்கியது. பாதுகாப்பு மென்பொருள் போட்டிருந்தவர்கள் மட்டுமே பாதிக்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

எஞ்சினில் ஓட்டை தேடுவது ஒரு வழி என்றால், ஆன்டிவைரஸை அணைப்பது, கண்ணைக் கட்டுவது, அதன் நல்ல பெயரை இரவல் வாங்குவது, அப்டேட்டில் விஷம் கலப்பது என்று வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொன்றையும் அதற்கான படியில் பார்ப்போம்.

படி 1: இப்போது காவலில் இருப்பது யார்?

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' பக்கத்துக்குப் போங்கள். அடியில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்ற இணைப்பு இருக்கும். எந்த ஆன்டிவைரஸ் பதிவாகியிருக்கிறது என்பது அங்கே தெரியும்.

நீங்கள் நிறுவாத பெயர் அங்கே இருந்தால் அலட்சியம் வேண்டாம். வேறொரு ஆன்டிவைரஸ் பதிவானதும் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்பது விண்டோஸின் ஏற்பாடு. 2025 மே மாதம் வெளிவந்த டிஃபென்ட்நாட் என்ற கருவி இதைத்தான் பயன்படுத்தியது. இல்லாத ஒரு ஆன்டிவைரஸை இருப்பதாகப் பதிவு செய்தது, டிஃபென்டரும் நம்பி விலகிக்கொண்டது.

லேப்டாப்போடு இலவசமாக வந்து காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் முழுவதுமாக நீக்குங்கள். அந்தந்த நிறுவனமே கொடுக்கும் நீக்கும் கருவியைப் பயன்படுத்தினால் டிரைவர்களும் சேர்ந்து போகும். ஓட்டையோடு எஞ்சிய பழைய டிரைவர் என்ன செய்யும் என்பதை நான்காம் படியில் பார்க்கலாம். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக வேண்டவே வேண்டாம்.

படி 2: அட்மின் கணக்கில் அன்றாட வேலை செய்யாதீர்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கீழே வரப்போகும் தாக்குதல்களில் பெரும்பாலானவற்றுக்கு அட்மின் அதிகாரம் வேண்டும். விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும், டிரைவரை ஏற்ற வேண்டும், சர்வீஸை நிறுத்த வேண்டும், குறைந்தபட்ச நிரல்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடுக்கு மாற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. நம் வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் அந்தச் சாவி எப்போதும் கதவிலேயே தொங்குகிறது. கம்ப்யூட்டர் வாங்கிய அன்று உருவாக்கிய கணக்கு அட்மின் கணக்கு. அதிலேயே மெயில், அதிலேயே பேங்க் வேலை, குழந்தைகளின் விளையாட்டும் அதில்தான்.

மாற்றுவது எளிது. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய்ப் புதிய கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் உருவாக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' மூலம் அதை அட்மினாக்கி, நீளமான பாஸ்வேர்டு ஒன்று வையுங்கள். அந்தப் புதிய கணக்கில் ஒருமுறை உள்ளே போய், நீங்கள் இதுவரை பயன்படுத்திய பழைய கணக்கை 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்று மாற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். பழைய கணக்கு அப்படியே இருப்பதால் உங்கள் ஃபைல்களும் டெஸ்க்டாப்பும் இடம் மாறாது. இனி எதையாவது நிறுவும்போது மட்டும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்.

"அட்மின் கணக்கிலும் 'யெஸ்' அழுத்தச் சொல்லி ஒரு பெட்டி வருகிறதே, அது போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. அந்தப் பெட்டியை ஒரு பாதுகாப்பு எல்லையாக மைக்ரோசாஃப்ட்டே கருதுவதில்லை. அதைக் காட்டாமலே தாண்டிப்போகும் உத்திகள் பல மால்வேர்களில் உண்டு. அதைவிட, நாள் முழுக்க 'யெஸ்' அழுத்திப் பழகிய விரல் படிக்காமலேயே அழுத்திவிடும். பாஸ்வேர்டு கேட்டால் கை ஒரு கணம் நிற்கும்.

அப்புறம் காசு கொடுக்காமல் மென்பொருளைத் திறந்துவிடும் கிராக், ஆக்டிவேட்டர் பற்றியும் சொல்லியாக வேண்டும். "முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள், பிறகு அட்மினாக ஓட்டுங்கள்" என்றுதான் அவற்றின் குறிப்பு தொடங்கும். மால்வேர் எழுதுகிறவன் கஷ்டப்பட்டுச் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளையும் நாமே செய்து கொடுக்கிறோம். விலை கட்டுப்படியாகாத மென்பொருளுக்கு இலவச மாற்று ஒன்றைத் தேடுங்கள். ஆபிஸ் வேலைக்கு லிப்ரெஆபிஸ் தாராளமாகப் போதும்.

படி 3: டாம்பர் புரொடெக்ஷனும் விலக்குப் பட்டியலும்

'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' பக்கத்தில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' அழுத்தினால் 'டாம்பர் புரொடெக்ஷன்' என்ற ஸ்விட்ச் இருக்கும். 2019இல் வந்த வசதி. அது ஆன் ஆக இருக்கும்வரை, ரெஜிஸ்ட்ரியை மாற்றியோ பவர்ஷெல் கட்டளையாலோ டிஃபென்டரின் முக்கியப் பாதுகாப்புகளை ஆஃப் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்த ஸ்விட்சை ஒருவர் கையால் மாற்ற வேண்டும். வேறு ஆன்டிவைரஸ் என்றால் 'செல்ஃப் டிஃபென்ஸ்' என்ற பெயரில் இதுபோல் ஒன்று இருக்கும். செட்டிங்ஸை மாற்றவும் நீக்கவும் பாஸ்வேர்டு வைக்கும் வசதியும் இருக்கும். இரண்டையும் போட்டுவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டிலோ சின்ன அலுவலகத்திலோ இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரில் டாம்பர் புரொடெக்ஷன் விலக்குப் பட்டியலைக் காப்பதில்லை. அட்மின் அதிகாரம் கிடைத்த மால்வேர் ஒரே வரிக் கட்டளையில் தன் ஃபோல்டரைப் பட்டியலில் சேர்த்துவிடும். ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டேயிருக்கும், டிக் பச்சையாகவே இருக்கும். ஆன்டிவைரஸை நிறுத்தினால் எச்சரிக்கை வரும், கண்ணை மட்டும் கட்டிவிட்டால் சத்தமே வராது. அதனால்தான் இன்றைய மால்வேர்களில் நிறைய இந்த வழியைத் தேர்ந்தெடுக்கின்றன.

எனவே அதே பக்கத்தின் கீழே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பகுதியைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். முழு டிரைவ், யூசர்ஸ் ஃபோல்டர், டவுன்லோட்ஸ், டெம்ப், புரோகிராம் டேட்டா இவற்றில் எது இருந்தாலும் நீக்குங்கள். எக்ஸ்இ, டிஎல்எல், பவர்ஷெல் ஸ்கிரிப்ட் என்று ஃபைல் வகையையே விலக்கியிருந்தாலும் நீக்குங்கள். மென்பொருள் நிறுவ வருகிறவர் விலக்கு வேண்டும் என்றால், எந்த ஃபோல்டர், ஏன் என்று எழுதி வாங்குங்கள். அந்த மென்பொருளின் டேட்டா ஃபோல்டர் ஒன்றை மட்டும் விலக்கினாலே பெரும்பாலும் வேகம் சரியாகிவிடும். சாதாரணக் கணக்கிலிருந்து எழுத முடிகிற ஃபோல்டர் என்றால் இன்னும் யோசியுங்கள். ஆன்டிவைரஸ் பார்க்காத, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இடத்தைத்தான் மால்வேர் தேடுகிறது.

பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவுகோல்.

படி 4: திருட்டு டிரைவரை வாசலிலேயே நிறுத்துங்கள்

ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்களின் விருப்பமான ஆயுதம் இன்றைக்கு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆன்டிவைரஸின் புரோசஸை விண்டோஸ் தனிப் பாதுகாப்போடு ஓட்டுகிறது. அட்மின் நினைத்தாலும் டாஸ்க் மேனேஜரிலிருந்து அதைக் கொல்ல முடியாது. ஆனால் கெர்னலுக்குள் இருப்பவரால் முடியும். கெர்னலுக்குள் போக வேண்டுமானால் தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து முறையாக இடப்பட்ட டிரைவர் வேண்டும். மால்வேர் எழுதுகிறவனுக்கு அப்படி ஒரு கையெழுத்துக் கிடைப்பது கஷ்டம். ஆகவே அவன் ஏதாவதொரு நல்ல நிறுவனத்தின், ஓட்டை உள்ள பழைய டிரைவரைக் கையோடு கொண்டு வருகிறான். கையெழுத்து உண்மையானது என்பதால் விண்டோஸ் ஏற்றிக்கொள்ளும். பிறகு அந்த ஓட்டை வழியாகக் கெர்னலிலிருந்தே ஆன்டிவைரஸைக் கொல்கிறான்.

அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் ஆன்டி-ரூட்கிட் டிரைவர் (ஆழத்தில் ஒளிந்திருக்கும் மால்வேரைத் தேடுவது) இதற்கு நல்ல உதாரணம். அதில் பல வருடங்களாக இருந்த இரண்டு ஓட்டைகளை சென்டினல்ஒன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொல்ல, 2022இல் அவாஸ்ட் 22.1 பதிப்பில் சரிசெய்தது. ஆனால் பழைய டிரைவர் உலகத்திலிருந்து மறைந்துவிடவில்லையே. அதே வருடம் ஆவோஸ்லாக்கர் ரான்சம்வேர் அதன் பழைய பதிப்பைப் பயன்படுத்தியதை டிரெண்ட் மைக்ரோ வெளியிட்டது. 2024 நவம்பரில் டிரெலிக்ஸ் விவரித்த இன்னொரு மால்வேர் அதே டிரைவரை இறக்கி, தன்னிடமிருந்த 142 பாதுகாப்புப் புரோசஸ்களின் பெயர்ப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகக் கொன்றது. பாதிக்கப்பட்டவரிடம் அவாஸ்ட் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மால்வேரைப் பிடிக்க எழுதப்பட்ட டிரைவர் மால்வேரின் கையில் கத்தியானது.

தடுப்பது எப்படி? விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', அதில் 'கோர் ஐசொலேஷன் டீடெய்ல்ஸ்' திறங்கள். 'மைக்ரோசாஃப்ட் வல்னரபிள் டிரைவர் பிளாக்லிஸ்ட்' ஆன் ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 2022 அப்டேட்டிலிருந்து இயல்பாகவே ஆன் ஆக வருகிறது. ஏதோ பழைய பிரிண்டருக்காகவோ விளையாட்டுக்காகவோ யாராவது அணைத்திருக்கலாம், பாருங்கள். அதற்கு மேலே, கெர்னலுக்குள் போகும் நிரல்களைச் சரிபார்க்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' இருக்கும். அதையும் ஆன் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பொருந்தாத டிரைவர் இருந்தால் விண்டோஸே பெயரைச் சொல்லும். அந்த டிரைவரைப் புதுப்பிக்கவோ நீக்கவோ செய்த பின் மறுபடி முயலுங்கள். மிகப் பழைய கம்ப்யூட்டரில் வேகம் கொஞ்சம் குறையலாம். ஆறேழு வருடத்துக்குள் வாங்கியது என்றால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது.

இந்தப் பட்டியல் எல்லா ஓட்டை டிரைவரையும் உடனுக்குடன் சேர்ப்பதில்லை, வருடத்துக்கு ஓரிரு முறைதான் பெரிதாகப் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே இது முழுக் கதவு ஆகாது. டிரைவரை ஏற்ற அட்மின் அதிகாரம் வேண்டும் என்பதால் திரும்பவும் இரண்டாம் படிக்கே வந்து நிற்கிறோம்.

படி 5: அப்டேட்டில் இரண்டு வகை

ஆன்டிவைரஸ் அப்டேட் என்றதும் புதிய வைரஸ்களின் பட்டியல்தான் நினைவுக்கு வரும். அது ஒரு வகை. எஞ்சினும் மென்பொருளும் புதுப்பிக்கப்படுவது இரண்டாவது வகை. முன்னே சொன்ன ஓட்டைகளை அடைப்பது இந்த இரண்டாவதுதான். 2021 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அடைத்த டிஃபென்டர் ஓட்டை ஒன்று, திருத்தம் வருமுன்பே தாக்குதலில் பயன்பட்டுக்கொண்டிருந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில் செட்டிங்ஸ், 'அபவுட்' பக்கத்தில் எஞ்சின் பதிப்பு எண் இருக்கும். பட்டியல் தினமும் வந்து, எஞ்சின் எண் மட்டும் மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். சந்தா முடிந்த ஆன்டிவைரஸ்களில் இது அடிக்கடி நடக்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். கூரை ஒழுகும்போது வாசல் காவலால் பயனில்லை.

அப்டேட் வரும் பாதையும் நம்பகமாக இருக்க வேண்டும். இந்திய ஆன்டிவைரஸான ஈஸ்கேன் தன் அப்டேட்டை மறைகுறியாக்கம் இல்லாத எச்டிடிபி வழியாக இறக்கிக்கொண்டிருந்தது. நடுவில் புகுந்தவர்கள் அந்தப் பொதியையே மாற்றி, குப்டிமைனர் என்ற மால்வேரைக் கலந்து அனுப்பினார்கள். அவாஸ்ட் ஆய்வாளர்கள் கண்டறிந்து சொன்னபின் 2023 ஜூலையில் ஓட்டை அடைக்கப்பட்டது, முழு விவரம் 2024 ஏப்ரலில் வெளிவந்தது. பயனர் இதில் செய்யக்கூடியது குறைவுதான். ஆன்டிவைரஸ் வாங்கும்போது அப்டேட் எச்டிடிபிஎஸ் வழியாக வருகிறதா, கையெழுத்தைச் சரிபார்த்த பிறகுதான் நிறுவுகிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு பாருங்கள். சிடியிலோ பென் டிரைவிலோ நண்பர் கொடுத்த ஆன்டிவைரஸ் செட்டப்பை ஓட்ட வேண்டாம்.

பத்துக்கு மேல் கம்ப்யூட்டர் உள்ள அலுவலகம் என்றால், வைரஸ் பட்டியலை உடனே எல்லாவற்றுக்கும் விடுங்கள். மென்பொருள் பதிப்பு மாற்றத்தை மட்டும் முதலில் இரண்டு கம்ப்யூட்டரில் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

படி 6: எஞ்சினைக் கூண்டுக்குள் வையுங்கள், கிளைகளை வெட்டுங்கள்

2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டரை சான்ட்பாக்ஸுக்குள் ஓட்டும் வசதியைக் கொடுத்தது. ஃபைலைப் பிரித்துப் பார்க்கும் பகுதி மட்டும் அதிகாரம் குறைந்த தனிப் புரோசஸில் ஓடும். அதில் ஓட்டை இருந்தாலும் புகுந்தவன் கூண்டுக்குள்ளேயே நிற்பான். இதை இயக்க, சிஸ்டம் என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் புதிதாக ஒன்றைச் சேருங்கள். பெயர்: எம்பி, ஃபோர்ஸ், யூஸ், சான்ட்பாக்ஸ் என்ற நான்கையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடிக்கோட்டால் இணைத்து எழுத வேண்டும். மதிப்பு 1. ரீஸ்டார்ட் செய்த பின் டாஸ்க் மேனேஜரில் டிஃபென்டர் புரோசஸின் பெயரோடு 'சிபி' என்ற இரண்டு எழுத்து சேர்ந்த இன்னொரு புரோசஸ் தெரியும்.

வேறு ஆன்டிவைரஸ் என்றால் கூட வரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன், பாஸ்வேர்டு மேனேஜர், 'டியூன்-அப்', விபிஎன் எல்லாவற்றையும் நிறுவும்போதே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏவிஜியின் குரோம் எக்ஸ்டென்ஷனில் 2015 டிசம்பரிலும், டிரெண்ட் மைக்ரோவின் பாஸ்வேர்டு மேனேஜரில் 2016 ஜனவரியிலும் ஓர்மண்டி காட்டிய ஓட்டைகள் இப்படிக் கூட வந்த பொருட்களில்தான் இருந்தன. என்னைக் கேட்டால், வீட்டுக்கு டிஃபென்டரே போதும். தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய காலம் போய்விட்டது.

லினக்ஸ் மெயில் சர்வரில் கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸை ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரூட் கணக்கில் ஓட்டாதீர்கள், 3310 போர்ட்டை வெளியே திறக்காதீர்கள், ஃபைல் அளவுக்கும் ஜிப்புக்குள் ஜிப் எத்தனை அடுக்கு என்பதற்கும் வரம்பு வையுங்கள். 42 கேபி அளவுள்ள ஒரு ஜிப் விரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும் என்பது பழைய கதை, இன்றைக்கும் வேலை செய்யும். 2023 பிப்ரவரியில் கிளாம்ஏவியின், ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் வடிவத்தைப் பிரிக்கும் பகுதியில் வந்த ஓட்டை மிகத் தீவிரமானது, பதிப்பைச் சரிபாருங்கள்.

படி 7: க்வாரன்டைன் பெட்டியைத் திறக்காதீர்கள்

ஆன்டிவைரஸ் பிடித்து க்வாரன்டைனில் அடைத்து வைத்த ஃபைலை 'ரீஸ்டோர்' கொடுத்து வெளியே எடுப்பது சிலருக்குப் பழக்கம். 2017 நவம்பரில் ஃப்ளோரியன் போக்னர் என்ற ஆய்வாளர், ஃபோல்டர் இணைப்பு ஒன்றை நடுவில் மாற்றி வைத்தால் ஆன்டிவைரஸே தன் உயர் அதிகாரத்தால் அந்த ஃபைலை சிஸ்டம் ஃபோல்டருக்குள் கொண்டுபோய் வைத்துவிடும் என்று காட்டினார். 2022 டிசம்பரில் சேஃப்பிரீச் நிறுவனத்தின் ஓர் யாயிர் அதே உத்தியை அழிக்கும் வேலைக்குத் திருப்பிக் காட்டினார். மால்வேரை அழிக்கப் போன ஆன்டிவைரஸ் நல்ல ஃபைலை அழித்தது. மைக்ரோசாஃப்ட், டிரெண்ட் மைக்ரோ, அவாஸ்ட் எல்லோரும் திருத்தம் வெளியிட்டார்கள். அடைத்ததை அப்படியே பெட்டிக்குள் விட்டுவிடுங்கள். தவறாகப் பிடித்திருந்தால் மூல இடத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.

படி 8: பெயரைப் பார்த்து நம்பாதீர்கள், இடத்தைப் பாருங்கள்

சென்னையில் 1991இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் நமக்கெல்லாம் தெரிந்த பெயர். 2022 அக்டோபரில் காஸ்பர்ஸ்கி வெளியிட்ட ஆய்வின்படி, ஜப்பானிய அரசு, ஊடக அமைப்புகளைக் குறிவைத்த லோடுஇன்ஃபோ என்ற உளவு மால்வேர் கே7-இன் உண்மையான எக்ஸ்இ ஒன்றை எடுத்து, பக்கத்திலேயே தன் போலி டிஎல்எல்லை (எக்ஸ்இ ஓடும்போது துணைக்கு அழைக்கும் ஃபைல்) வைத்து அனுப்பியது. கையெழுத்துள்ள நல்ல ஆன்டிவைரஸ் ஃபைல் ஓடுகிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தெரியும். அது ஓடியதும் பக்கத்திலிருந்த போலியைத் தானே அழைத்துக்கொள்ளும். பல ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் ஃபைல்களுக்கு இந்த நிலை வந்திருக்கிறது. கே7 வாடிக்கையாளராக இல்லாதவருக்கும் இது வரும்.

கண்டுபிடிக்க வழி, ஃபைல் எங்கிருந்து ஓடுகிறது என்று பார்ப்பது. டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' போய், புரோசஸை வலது கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். ஆன்டிவைரஸ் புரோகிராம் ஃபைல்ஸில் இருக்க வேண்டும். டிஃபென்டர் மட்டும் புரோகிராம் டேட்டாவில் 'பிளாட்ஃபார்ம்' ஃபோல்டருக்குள் இருக்கும், அது சரிதான். டவுன்லோட்ஸ், டெம்ப், பப்ளிக் ஃபோல்டர்களிலிருந்து ஆன்டிவைரஸ் பெயரில் எதுவும் ஓடக்கூடாது.

படி 9: லாகைப் படியுங்கள்

கம்ப்யூட்டரில் நடப்பவை பதிவாகும் குறிப்பேடுதான் லாக். 'ஈவன்ட் வியூவர்' திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபென்டர், ஆபரேஷனல் என்று உள்ளே போங்கள். 5001 என்றால் உடனடிப் பாதுகாப்பு அணைக்கப்பட்டது. 5007 என்றால் செட்டிங் மாறியிருக்கிறது. விலக்குப் பட்டியலில் எது எப்போது சேர்ந்தது என்பதை இதில்தான் படிக்கலாம். 5013 என்றால் டாம்பர் புரொடெக்ஷன் ஒரு மாற்றத்தைத் தடுத்திருக்கிறது, அதாவது யாரோ முயன்றிருக்கிறார்கள். 'சிஸ்டம்' லாகில் 7045 புதிய சர்வீஸோ டிரைவரோ நுழைந்ததைச் சொல்லும். 'செக்யூரிட்டி' லாகில் 1102 வந்தால் லாகையே யாரோ துடைத்திருக்கிறார்கள்.

5007 அப்டேட்டின்போதும் வரும், அதனால் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அலுவலகம் என்றால் இந்த லாக்குகளை வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பிச் சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள். விண்டோஸிலேயே அதற்கு 'ஈவன்ட் ஃபார்வர்டிங்' வசதி உண்டு. விழுந்த கம்ப்யூட்டரிடமே சாட்சி கேட்டால் கிடைக்காது.

சேஃப் மோடும் கவனிக்க வேண்டிய இடம். 2019இல் சோஃபோஸ் விவரித்த ஸ்நாட்ச் ரான்சம்வேர், பல ஆன்டிவைரஸ்கள் அங்கே ஓடுவதில்லை என்பதால் கம்ப்யூட்டரை சேஃப் மோடில் ரீபூட் செய்து பிறகு ஃபைல்களைப் பூட்டியது. நீங்கள் கேட்காமலே கம்ப்யூட்டர் சேஃப் மோடில் எழுந்தால், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

ஆன்டிவைரஸ் விழுந்துவிட்டது என்று தெரிந்தால்

முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் எந்த பாஸ்வேர்டும் அடிக்காதீர்கள். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். பிறகு 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். விண்டோஸ் முழுதாக எழுமுன்பே ஓடுவதால் மால்வேர் குறுக்கிட வாய்ப்பு குறைவு.

கெர்னல்வரை போனதாகச் சந்தேகம் இருந்தால் சுத்தம் செய்து காப்பாற்ற முயல வேண்டாம். வேறு கம்ப்யூட்டரில் தயாரித்த பென் டிரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பேக்கப்பிலிருந்து ஆவணங்களை மட்டும் எடுங்கள், எக்ஸ்இ எதுவும் வேண்டாம். இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால், 2022 ஏப்ரலில் வந்த உத்தரவின்படி இத்தகைய ஊடுருவலை ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னிடம் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் நான் செய்ததும் இவ்வளவுதான். அந்த ஒரு கம்ப்யூட்டரைப் புதிதாக நிறுவினேன். ஏழிலும் விலக்குப் பட்டியலைக் காலி செய்து, கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர் ஒன்றை மட்டும் சேர்த்தேன். எல்லோருடைய கணக்கையும் ஸ்டாண்டர்ட் ஆக்கி, அட்மின் பாஸ்வேர்டை ஆடிட்டரிடம் உறையில் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்டு கேட்கிறதே என்று முதல் வாரம் அலுத்துக்கொண்டார்கள்.

நான்கு மாதம் கழித்து அங்கே வேலை செய்யும் பெண்ணிடமிருந்து போன். "சார், ஜிஎஸ்டி நோட்டீஸ்னு மெயில்ல ஒரு ஃபைல் வந்துச்சு, திறந்தேன். அட்மின் பாஸ்வேர்டு கேக்குது. ஆடிட்டர் சாரும் ஊர்ல இல்ல. என்ன பண்ணட்டும்?"

"எதையும் அழுத்தாதீங்கம்மா. பின்னாடி இருக்கிற நீலக் கேபிளை மட்டும் உருவிட்டு அப்படியே விடுங்க. அரை மணி நேரத்துல வந்துடுறேன்."